குளிர்ந்துபோன முட்டைகள்

என்னிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த ஒரு மாணவியின் வேலையைக் கெடுத்தவன் நான். என்னால்தான் கெட்டது என்று தெரிந்த பிறகும், அவருடைய கைதான் காரணம் என்று ஒரு குழுவின் முன்னால் சொன்னேன். அவர் பட்டத்தை முடிக்காமலே போனார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு நானே பத்து நியாயம் தேடிவிடுவேன். வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவனுக்கு அது சுலபம்.

நான் வேலை செய்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கண்டி நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், மலைச்சரிவில், மழைக்காலத்தில் சுவரெல்லாம் பாசி பிடிக்கும் ஒரு பழைய கட்டிடம் என்பது போதும். பிழை கட்டிடத்தினது அல்ல. நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். பிறகு வெளிநாடு போய்த் திரும்பி வந்து, அந்தக் கட்டிடத்திலேயே படிப்பித்து, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

அந்த மாணவி கண்டி நகரத்துக்குள், மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவர். தாயும் தகப்பனும் நகரத் துப்புரவு வேலை செய்தவர்கள். அவர்களுக்கு முன் இரண்டு மூன்று தலைமுறையும் அதே வேலைதான். கண்டி வீதிகளைக் காலையில் கூட்டி வைத்தது அவர்கள். அந்த வீதிகளில் நடந்துபோய்ப் பெரிய மனிதர்களானது நாங்கள். அவர் விலங்கியலில் முதல் வகுப்பில் தேறி என் அறைக்கு வந்து, மேலே படிக்க வேண்டும் என்றபோது உடனே சேர்த்துக்கொண்டேன். சேர்த்துக்கொண்டதற்காக என்னைப் பற்றி நானே மிகவும் நல்லபடியாக நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் மனைவியிடம், "மஹய்யாவப் பிள்ளை ஒண்டு. நல்ல கெட்டிக்காரி. நான்தான் எடுத்தனான்" என்று சொன்னேன். "ஏன், வேற ஆரும் எடுக்க மாட்டினமோ?" என்று அவள் கேட்டாள்.

அவர் சேர்ந்த வருடம், அவர்கள் கோயில் தேர் முடிந்த மறுநாள், தாயார் ஆய்வுகூடத்துக்கு வந்தார். மகள் எங்கே இருந்து வேலை செய்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று ஆசை. வாழையிலையில் கட்டிய வடையும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்திருந்தார். "எங்க பிள்ளைய நல்லாப் பாத்துக்குங்க, ஐயா" என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தேன். பின்னேரம் வரை அது அங்கேயே இருந்தது. மாணவி எட்டிப் பார்த்து, "சேர், நீங்க சாப்பிடலியா?" என்று கேட்டார். "சர்க்கரை வருத்தம்" என்றேன். அப்போது எனக்கு நீரிழிவு நோய் இல்லை. வடைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. போகும்போது பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்தேன்.

என்ன ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டும். அது விளங்கினால்தான் நான் செய்தது எவ்வளவு என்று விளங்கும்.

அடைவைத்த கோழிமுட்டையின் ஓட்டில் சிறிய சாளரம் வெட்டிப் பார்த்தால், சில நாளிலேயே மஞ்சட்கருவின் மேல் சிவப்பு வலை ஒன்று படர்ந்திருப்பது தெரியும். அவை குருதிக்குழாய்கள். தொடக்கத்தில் அங்கே பெரிய பாதை, சின்னப் பாதை என்று எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி வலைக்கண்கள். இதயம் அடிக்கத் தொடங்கிக் குருதி ஓட ஓட, சில குழாய் குருதியை இதயத்திலிருந்து கொண்டுபோகும் நாடியாகும், சில திருப்பிக் கொண்டுவரும் நாளமாகும், சில சுருங்கி இல்லாமலே போகும். குழாயின் உட்புறத்தில் ஓடு பதித்ததுபோலப் படுத்திருக்கும் கலங்கள், அதாவது உயிரணுக்கள்தான் இதைச் செய்கின்றன. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் முகம் திருப்பி, மெல்ல மெல்ல ஊர்ந்து, தாங்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்ச் சேர்கின்றன. எந்த மரபணு எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்பதைப் பொறுத்தே கலத்தின் நடத்தை இருக்கிறது.

அவர் என்னிடம் வந்த முதல் வாரம் கேட்ட கேள்வி இது: "சேர், ஒரு கலத்துக்கு நாம எந்தப் பக்கம் போகணும்னு எப்புடித் தெரியுது? அதுக்குக் கண்ணா இருக்கு?" அதுவே அவருடைய ஆராய்ச்சியின் தலைப்பாகியது. மரபணுக்களை ஏவுகிற ஒரு புரதத்தை, மிகச் சிறிய மருந்துத் துளி வைத்து அடக்குவது. அடக்கிய முட்டையிலும், ஒன்றும் செய்யாமல் ஒப்பிடுவதற்காக வைத்த முட்டையிலும் கலங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது. மருந்து போட்ட முட்டையில் கலங்கள் திசை தெரியாமல் தாறுமாறாகக் கிடக்க வேண்டும். ஒப்பிடுகிற முட்டையில் வரிசையாக நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

முட்டை அலவத்துகொடவிலிருந்து வந்தது. அங்கே கோழி வளர்க்கும் ஒருவர், உமியில் புதைத்து, ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். சாளரத்தை வெட்டுவதை ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "சேர், என்ட பொஞ்சாதி கேக்குறா, அந்தப் பெரிய எடத்துல ஆக்கள் டெய்லி முட்டைப் பொரியலா சாப்பிடுற எண்டு" என்றார்.

"ஆராய்ச்சி எண்டு சொல்லும்."

"சென்னேன் சேர். அப்ப வெங்காயம் எங்க வாங்குற எண்டு கேக்குறா."

மாணவி சிரித்ததில் கையிலிருந்த கத்தரிக்கோல் நடுங்கியது. அந்த அறையில் சிரிப்புக் கேட்ட நாட்களும் இருந்தன.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்கப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் முறை. சில நாள் நிறுத்த மாட்டார்கள். மாணவி ஆறு மணிக்கு முன்பே மஹய்யாவ பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். ஆய்வுகூடத்தில் ஒரு சிறிய ஜெனரேட்டர் இருந்தது. சிவப்பு நிறம் பூசிய சில பிளக் துளைகளுக்கு மட்டும் அதிலிருந்து மின்சாரம் வரும். முட்டை அடைகாக்கும் பெட்டி, மேசைக்குப் பின்னால் கண்ணில் படாதபடி, அவற்றில் ஒன்றில் பொருத்தியிருந்தது.

எனக்கு வெளிநாட்டிலிருந்து சில புரதக் குப்பிகள் வந்தன. என் சொந்த வேலைக்கு. மிகவும் குளிரில் வைக்காவிட்டால் பழுதாகிவிடும். என் உறைபெட்டிக்கு ஒரு சிவப்புத் துளை தேவைப்பட்டது. ஒருநாள் மத்தியானம், மாணவி சாப்பிடப் போயிருந்த நேரம், அடைகாக்கும் பெட்டியின் பிளக்கைக் கழற்றிப் பக்கத்திலிருந்த சாதாரணத் துளையில் செருகி, சிவப்புத் துளையில் உறைபெட்டியைச் செருகினேன். முட்டைக்குள் சூடு இருக்கும், கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்தேன். மாணவியிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். உண்மை என்னவென்றால், சொல்ல வேண்டிய ஆளாக அவரை நான் கருதவில்லை.

சில வாரத்தில் அவர் வந்தார்.

"சேர், ஒண்ணுமே செய்யாத முட்டையும் மருந்து போட்ட மாதிரியே இருக்கு."

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒப்பிடுவதற்கு வைத்த முட்டையின் குழாய்களில் கலங்கள், கூட்டம் கலைந்த மைதானத்தில் செருப்புக் கிடப்பதுபோல, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன. விழித்திருக்க வேண்டிய மரபணு அடங்கிக் கிடந்தது. எல்லா முட்டையிலும் அப்படி இல்லை. ஒரு தொகுதி சரியாக வரும், அடுத்தது குழம்பிவிடும்.

முதலில் முட்டையைக் குறை சொன்னேன். முட்டைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட முட்டையில பிழை ஈக்குது எண்டு செல்லாதீங்க சேர். இதே சேவலுக்குப் பொறந்த குஞ்சு எங்கட ஊட்டு முத்தத்துல ஓடித் திரியுது. வந்து பாருங்க, ஒண்டுக்காவது தலை சுத்துதா எண்டு."

பிறகு மாணவியின் பக்கம் திரும்பினேன்.

"உம்முடைய கையிலதான் ஏதோ பிழை. சுத்தம் காணாது."

ஆய்வுகூடத்தில் இது சாதாரணச் சொல். யாரிடமும் சொல்வோம். கிருமி பட்டால் கரு கெடும். ஆனால் அவரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைக் கண்டேன். எங்கள் ஆட்கள் அவருடைய ஆட்களைப் பற்றி எத்தனையோ காலமாகச் சொல்லிவந்த சொல் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும், திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கை கழுவத் தொடங்கினார். கையுறை அப்போது தட்டுப்பாடு. ஸ்பிரிட்டால் கையைத் துடைத்துவிட்டு வேலை செய்வதுதான் வழக்கம். அவர் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, மறுபடி கழுவினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தபோது தாளில் இரத்தம் பட்டதைப் பார்த்தேன். "கிரீம் பூசும்" என்றேன். "கிரீம் பூசினா அதுவும் முட்டையில படும்ல, சேர்" என்றார். கெட்ட முட்டையிலிருந்து துளி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் வளரவில்லை. அதையும் வந்து சொன்னார். "கிருமி இல்லாட்டி வேற ஏதும்" என்றேன்.

ஒரு பின்னேரம் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்தேன். மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். என் உறைபெட்டி இரைந்துகொண்டிருந்தது. அடைகாக்கும் பெட்டியின் விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்து ஒரு முட்டையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும்.

எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மின்வெட்டு வந்த நாட்களில் முட்டை குளிர்ந்திருக்கிறது. வராத நாட்களில் சரியாக இருந்திருக்கிறது. குளிர்ந்தால் கருவின் இதயம் மெதுவாக அடிக்கும். குருதி மெதுவாக ஓடும். ஓட்டம் குறைந்தால் கலத்துக்குத் திசை தெரியாது. கையும் இல்லை, கிருமியும் இல்லை.

அடுத்த நாள் காலை, அவர் வருவதற்கு முன், என் குப்பிகளை ஒரு நண்பரின் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடைகாக்கும் பெட்டியைச் சிவப்புத் துளைக்கே மாற்றினேன். யாருக்கும் சொல்லவில்லை. அடுத்து வந்த முட்டைகள் எல்லாம் அழகாக வந்தன. அவர் ஓடிவந்து காட்டினார்.

"பாத்தீரோ? கை சுத்தமா இருந்தா எல்லாம் சரியா வரும்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு, "ஆமா சேர்" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கக் கூடாது என்று பார்க்கிறேன், முடிவதில்லை. நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் குழு கூடியது. கலாநிதிப் பட்டத்துக்கு அவர் தொடரலாமா, கீழ்ப்பட்டத்தோடு நிற்பதா என்று தீர்மானிக்கிற கூட்டம். என்னைத் தவிர நாலு பேர். அவர் நல்ல படங்களைக் காட்டினார். பிறகு கெட்ட படங்களையும் காட்டினார். காட்ட வேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன்.

அந்தக் கெட்ட முட்டைகளில் இதயம் மெதுவாக அடித்ததைத் தான் கவனித்ததாகச் சொன்னார். மரபணு அடங்கியதற்கும் இதயம் மெதுவானதற்கும் தொடர்பு இருக்க வேண்டும். தன்னுடைய வேலையில் ஏதோ பிழை நடந்திருக்கலாம், ஆனால் அந்தப் பிழை எதையோ காட்டுகிறது. அதைத் தேடிப் பார்க்க இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்றார். இதயம் ஏன் மெதுவானது என்று தலைவர் கேட்டார். "அதுதான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

தலைவர் என்னைக் கேட்டார். நான் எழுந்து, அவை சுத்தக் குறைவினால் கெட்டவை, மாணவி கையைக் கவனமாக வைத்துக்கொண்ட பிறகு அந்தப் பிரச்சினை இல்லை, நல்ல முட்டைகளே அதற்குச் சாட்சி என்றேன். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் உட்கார்ந்ததும், பக்கத்துக் கதிரையில் இருந்த என் ஊர்க்காரர் ஒருவர் குனிந்து தமிழில் கேட்டார்.

"உவ எந்த இடத்துப் பிள்ளை?"

"மஹய்யாவ."

"ஓம், ஓம். விளங்குது."

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அது சின்ன அறை. மாணவி படங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், அடுக்குவதை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மறுபடி அடுக்கினார்.

கீழ்ப்பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அவர் அதையும் எழுதவில்லை. தன் மேசையைத் துடைத்து, சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

குருதி ஓட்டத்தின் விசையே கலங்களுக்குள் மரபணுக்களை எழுப்புகிறது என்பது பிற்காலத்தில் பாடப்புத்தகத்தில் வந்தது. வேறு நாடுகளில் வேறு ஆட்கள் கண்டுபிடித்தது. நான் அதை வருடா வருடம் படிப்பித்தேன். கரும்பலகையில் கலங்களை வரிசையாக வரைந்து, ஓட்டம் குறைந்தால் என்னவாகும் என்று காட்ட அவற்றைத் தாறுமாறாக மாற்றி வரைவேன். அது அவர் அன்று காட்டிய படம். பிள்ளைகள் குனிந்து குறிப்பெடுப்பார்கள். நான் துடைப்பானை எடுத்து அழித்துவிடுவேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, பேராதனைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியே இருக்கிறேன். இப்போது எனக்கு உண்மையாகவே சர்க்கரை வருத்தம். அண்மையில் மறுபடி நீண்ட மின்வெட்டு வந்தபோது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இன்சுலின் சூடாகிவிடுமோ என்று பயந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "தம்பி, உம்மட பட்டரி லைன்ல எனக்கு ஒரு பிளக் தாரீரோ?" என்று கேட்டேன். அவர் தன்னுடைய விளக்கைக் கழற்றிவிட்டு எனக்குக் கொடுத்தார். வயர் என் கையில் இருந்தது. அதைச் செருகாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. குழுவில் இருந்தவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவருக்கு ஞாபகம் போய்விட்டது. மற்றவர் என் ஊர்க்காரர். கனடாவில் மகளோடு இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உதை ஏன் இப்ப கிளறுறீர்? அந்தப் பிள்ளை இப்ப கலியாணம் கட்டி, பேரப்பிள்ளையும் கண்டிருக்கும்" என்றார்.

"நீர் அண்டைக்கு 'விளங்குது' எண்டு சொன்னீர். என்ன விளங்கினது?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்றார். பிறகு அங்கே பனி கொட்டுவதைப் பற்றிப் பேசினார்.

ஆய்வுகூடத்துக்கும் போனேன். இப்போதைய தலைவர் என் மாணவரின் மாணவர். பணிவாகக் கேட்டார். பழைய கோப்பு இல்லை என்றார். நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். அந்த மாணவி விரும்பினால் புதிதாகப் பதிந்து தொடங்கலாம், அதற்குமேல் செய்ய வழியில்லை என்றார்.

மாணவி எங்கே இருக்கிறார் என்று சொன்னது முட்டைக்காரர். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கண்டேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. "அந்த டீச்சரா? மஹய்யாவலதான் ஈக்கிறா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல பயோ படிச்சுக் குடுக்கிறா. என்ட பேத்தியும் அவக்கிட்டத்தான் படிக்கிறா. நல்ல டீச்சர் சேர். ஆனா ஒரு பழக்கம் ஈக்குது. தவளை வெட்டுற, பெருசாக் காட்டுற கண்ணாடியில பாக்கிற, ஒண்டையும் அவ தொட மாட்டா. கையப் பின்னால கட்டிக்கிட்டு வாயால செல்லிக் குடுப்பா. புள்ளகள்தான் எல்லாம் செய்யணுமாம்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மஹய்யாவவுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டார். "உக்காருங்க, சேர்" என்று கதிரையைக் காட்டினார். தாயார் உள்ளறையில் படுத்திருந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். "முந்திப் படிச்ச எடத்து சேர், அம்மா" என்றார் மகள். "தேத்தண்ணி போடு புள்ள" என்ற குரல் கேட்டது. மகள் எழுந்திருக்கவில்லை.

நான் பிளக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வரும் வழியில் ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை, சுருக்கமாகவே முடிந்துவிட்டது. முடிந்ததும் அவர் தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்குப் பொய் சொன்னீங்க. பரவால்லன்னு சொல்லல, ஆனா அத என்னால தாங்கிக்க முடியும் சேர். நான் அத நம்பிட்டேன் பாருங்க. அதுதான். ஒங்களுக்குத் தெரியுமா, எங்கம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட ஒருக்கா கையக் கழுவிட்டு, சரியாக் கழுவுனேனான்னு திரும்பவும் போயிக் கழுவுவேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். புதிதாகப் பதிந்து தொடங்கலாம் என்று தலைவர் சொன்னதையும் சொன்னேன்.

"அம்மாவ யாரு பாக்குறது?" என்றார். பிறகு, "நீங்க எனக்கு இங்க வந்து சொல்றீங்க. இங்க யாரு கேக்குறா? அன்னைக்கு அங்க, ஆளுங்க முன்னாடிதானே சொன்னீங்க? அங்கேயே போய், ஆளுங்க முன்னாடி சொல்லுங்க. என் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். தேத்தண்ணீர் வரவில்லை. அந்த வீடுகளில் வாசலில் வழி கேட்க நின்றவனுக்குக்கூட ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். எனக்குக் கொடுக்காதது சரிதான். கொடுத்திருந்தால், சர்க்கரை வருத்தம் என்று இந்த முறை நான் உண்மையாகவே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆய்வுகூடத்தில் மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு பேச்சு நடக்கும். தலைவர் எனக்கு ஒரு நாள் ஒதுக்கித் தந்தார். மாணவிக்கும் சொல்லி அனுப்பினேன். வந்தார்; கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முட்டையையும் குழாய்களையும் பற்றிச் சொல்லி, பிளக்கைப் பற்றிச் சொல்லி, குழுவில் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். 'சுத்தம் காணாது' என்று நான் யாரிடம் சொன்னேன், அது எந்த மாதிரிச் சொல், அதைச் சொல்வது எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதையும் சொன்னேன். இங்கே எழுதாத அந்தப் பெயரை அங்கே இரண்டு முறை சொன்னேன். குருதி ஓட்டம் மரபணுவை எழுப்புகிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பை முதலில் கண்ணால் கண்டவர் அவர் என்றேன்.

முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையன் முன்னால் வந்து, "இந்த வயதில் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும், சேர்" என்றான். நான் அவன் தோளுக்கு மேலால் கடைசி வரிசையைப் பார்த்தேன். கதிரை காலியாக இருந்தது. கைதட்டல் தொடங்கியபோதே அவர் எழுந்து போய்விட்டார் என்று கதவருகில் நின்றவர்கள் சொன்னார்கள். என் குற்றத்தைச் சொல்லியும் நானே பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானாகப் போய்த் தொல்லை கொடுக்கவில்லை.

கொஞ்ச மாதம் போன பிறகு முட்டைக்காரர் என்னை வீதியில் மறித்தார். "சேர், அந்த டீச்சர் என்னட்டச் சேவல் ஏறின முட்டை வாங்குறா. பள்ளிக்கூடத்துல பொட்டி ஒண்டு செஞ்சி வெச்சீக்கிறாவாம், பல்பு போட்டு. பேத்தி வந்து செல்றா, டீச்சரே கையால ஓடு வெட்டுறா எண்டு. என்ட பொஞ்சாதி இப்ப மறுபடி வெங்காயத்தப் பத்திக் கேக்கத் தொடங்கிட்டா."

அந்த வாரமே மாணவியின் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"சேர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மின்வெட்டுல நீங்க பொட்டியத் தொறந்தப்ப உள்ளுக்கு எத்தன டிகிரி இருந்துச்சு?"

"நான் பாக்கேல்லை."

"வெப்பமானி உள்ளுக்குத்தானே தொங்குச்சு?"

"ஓம். கதவுக்கு நேரே."

"ஒங்க கையில டோர்ச் இருந்துச்சுன்னீங்களே."

"இருந்தது. நான் முட்டையைத் தொட்டுத்தான் பாத்தன். வெப்பமானியைப் பாக்கேல்லை."

ஏன் பார்க்கவில்லை என்று அவர் கேட்கவில்லை; காரணம் எனக்குத் தெரியும். பார்த்திருந்தால் அது ஒரு அளவீடாகிவிடும். எடுத்த அளவீட்டை ஒளிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

போனில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்போல. "மூடு, மூடு, சூடு போயிரும்" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு என்னிடம்:

"அது தெரிஞ்சிருந்தா எனக்குப் பாதி வேல மிச்சம். சரி, நானே ஒவ்வொரு டிகிரியா எறக்கிப் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டார்.